கார்டு கெட்டுப்போச்சு என்று சொன்னேன்

நான் கல்யாண வீடியோக்காரன். முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் நான் செய்த தப்பு, கல்யாண வீடியோக்காரன் ஒருவனால் மட்டுமே செய்ய முடிகிற தப்பு. மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் எனக்கு ஸ்டுடியோ இருக்கிறது. நிக்காஹ், தாலி கட்டு, மஞ்சள் நீராட்டு, காதுகுத்து என்று எதையும் விட்டதில்லை. ஒரே முகூர்த்த நாளில் காலையில் கீழ்புத்துப்பட்டு கோயிலில் ஒரு கல்யாணம், மத்தியானம் பொம்மையார்பாளையத்தில் ஒரு வளைகாப்பு என்று ஈசிஆரில் பைக்கை விரட்டிக்கொண்டு போன நாட்கள் உண்டு.

இந்தப் பக்கத்தில் என் தொழிலுக்கு ஒரே ஒரு சட்டம்தான். வந்தவர்களில் ஒருத்தர்கூட விட்டுப்போகக் கூடாது. மாப்பிள்ளை முகம் கொஞ்சம் மங்கலாக விழுந்தாலும் பொறுத்துக்கொள்வார்கள். பெண்ணுடைய பெரிய மாமன் வீடியோவில் வரவில்லை என்றால் தொலைந்தேன். "ஏன் பாய், என் மூஞ்சி மட்டும் உங்க கேமராவுக்கு ஆவலையா?" என்று நடு பஜாரில் நிறுத்திக் கேட்பார்கள். அதற்காகத்தான் பந்தியில் ஒவ்வொரு இலையாக நின்று எடுப்பேன். வாய் நிறைய சோற்றோடு மாட்டுகிறவர்கள் திட்டுவார்கள். திட்டட்டும், விட்டுப்போய்விட்டது என்று யாரும் சொல்ல முடியாது அல்லவா.

இன்னொன்றும் உண்டு. நான் எதையும் அழிக்க மாட்டேன். ஏழெட்டு வருஷம் கழித்து யாராவது படியேறி வருவார்கள். அப்பா தவறிவிட்டார், அவர் நடக்கிற மாதிரி, பேசுகிற மாதிரி ஒரு துண்டும் வீட்டில் இல்லை, சித்தப்பா கல்யாணத்தில் பாயசம் குடித்தாரே, அது இருக்கிறதா என்று கேட்பார்கள். இருக்கும். காலி அத்தர் டப்பாக்களில் கார்டுகளைப் போட்டு, மேலே சீட்டு ஒட்டி அடுக்கி வைத்திருக்கிறேன். அவர் பாயசம் குடிப்பதைப் பார்த்துவிட்டு என் கடை ஸ்டூலிலேயே உட்கார்ந்து அழுதவர்கள் எத்தனையோ பேர். "பாய்கிட்ட குடுத்தா பத்திரம்" என்று ஊருக்குள் ஒரு பேச்சு. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு, மறைப்பானேன்.

இப்படிப்பட்டவனைத் தேடி சென்னையிலிருந்து ஒரு பெண் வந்தாள். என் தங்கச்சி வயசு இருக்கும். அவளுடைய கேமராமேன் காய்ச்சலில் படுத்துவிட்டானாம். "ஆவணப்படம் அண்ணா. உப்பளத்துல வேலை செய்யற பெண்களைப் பத்தி. அவங்க உரிமைகளைப் பத்தி" என்றாள்.

"எத்தனை பாட்டு வரும்மா?" என்று கேட்டேன்.

சிரித்தாள். நான் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

பார்த்துப் பழகிக்கொள்ளுங்கள் என்று ஒரு பென்டிரைவில் நாலு படம் கொடுத்துவிட்டுப் போனாள். சாக்கடையில் இறங்குகிறவர்களைப் பற்றி ஒன்று, செங்கல் சூளையைப் பற்றி ஒன்று, நிலம் பறிபோன ஊர்களைப் பற்றி இரண்டு. நானும் என் பெண்டாட்டியும் வீட்டு டிவியில் உட்கார்ந்து பார்த்தோம். பாட்டு இல்லை, டிரோன் இல்லை, பூ தூவுகிற எஃபெக்ட் இல்லை. ஒரு ஆள் சும்மா கைகழுவுவதை முழுசாக ஒரு நிமிஷம் காட்டினார்கள். எனக்குக் கை பரபரத்தது. என் பெண்டாட்டி மட்டும் கண்ணை எடுக்கவே இல்லை. நாலும் முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ஏங்க, இந்தப் படத்தை அதுல வர்றவங்களுக்குப் போட்டுக் காட்டுவாங்களா?"

"அதெல்லாம் காட்டாம இருப்பாங்களா" என்றேன். அந்தக் கேள்வி பின்னால் எனக்கே திரும்பி வரும் என்று அப்போது தெரியாது.

ஷூட்டிங் ஆனி மாதம். உப்பளம் முழுவேகத்தில் இருக்கிற காலம். முதல் நாளே சொதப்பிவிட்டேன். முந்தின நாள் அளத்துப் பக்கம் போய், "நாளைக்கு வீடியோ எடுக்க வர்றோம்" என்று வழக்கம்போலச் சொல்லிவிட்டு வந்திருந்தேன். மறுநாள் போய்ப் பார்த்தால் அங்கே வேலை செய்கிற பன்னிரண்டு பெண்களும் அயர்ன் பண்ணின புடவையில், தலைநிறைய கனகாம்பரத்தோடு நிற்கிறார்கள். ஒருத்தி பட்டுப்புடவை. பட்டைக் கட்டிக்கொண்டு தலையில் உப்புக்கூடை. டைரக்டர் பெண் தலையில் கை வைத்துக்கொண்டாள். தினமும் புடவைக்கு மேலே புருஷனுடைய முழுக்கை சட்டையைப் போட்டுக்கொண்டு வேலை செய்கிறார்கள், அதைத்தான் எடுக்க வேண்டும், நாளைக்கு அப்படியே வாருங்கள் என்று மெதுவாகச் சொன்னாள்.

பட்டுப்புடவை கட்டியிருந்த அக்காதான் பதில் சொன்னார். "ஏம்மா, நீ போட்டோ எடுத்துக்கப் போனா கிழிஞ்சதையா கட்டிக்கினு போவே?"

எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். கடைசியில் ஒரு சமாதானம் ஆனது. அன்றைக்கு எல்லோரையும் உப்புக் குவியலுக்கு முன்னால் நிற்க வைத்து, "லைட்டா சிரிங்க" என்று சொல்லி நான் ஒரு குரூப் போட்டோ எடுத்தேன். அது இன்னும் என் ஸ்டுடியோ சுவரில் மாட்டியிருக்கிறது. மறுநாளிலிருந்து சட்டையோடு வந்தார்கள்.

அந்த அக்காவுக்கு ஐம்பது வயசு இருக்கும். அவர் வாய்க்கு ஈசிஆரில் போகிற லாரியும் ஒதுங்கித்தான் போகும். டைரக்டர் பெண் கேமராவுக்கு வெயில் படக்கூடாது என்று ஒரு பெரிய குடை வாங்கி வந்திருந்தாள். அதைப் பார்த்துவிட்டு, "பார்றா, கேமராவுக்குக் குடையாம். கறுத்துடப் போவுது, நல்லா மூடுங்க பாய்" என்றார். அதற்கப்புறம் அந்தக் குடையைப் பிடிக்கவே எனக்குக் கூச்சமாகிவிட்டது. வெயிலும் உப்பின் வெள்ளையும் சேர்ந்து கண்ணைக் குத்தும். நான் திணறுவதைப் பார்த்துவிட்டு, தன் துண்டை நனைத்து என் தலையில் போட்டார். மத்தியானத்தில் கேழ்வரகுக் கூழும் சுட்ட கருவாடும் கொண்டுவந்து எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்துப் போட்டார். "வூட்ல பிரியாணி துன்ற வாயி, இன்னிக்கு இதையும் துன்னு பாருங்க" என்று கிண்டல் வேறு. என் அக்கா இருந்திருந்தால் இப்படித்தான் இருந்திருப்பாள்.

அங்கே ஒன்றைக் கவனித்தேன். பெண்கள் எல்லோரும் தண்ணீர் பாட்டில் கொண்டுவருவார்கள். யாரும் குடிக்க மாட்டார்கள். வேலை முடிந்து வீட்டுக்குக் கிளம்பும்போதுதான் மூடியைத் திறப்பார்கள். அந்த அக்காவின் மருமகள், கல்யாணம் ஆகி அந்த வருஷம்தான் அளத்துக்கு வந்தவள், அஞ்சு மாசம் முழுகாமல் இருந்தாள். உதடு வெடித்திருந்தது. அவளும் குடிக்கவில்லை. எனக்கு விளங்கவில்லை, கேட்கவும் இல்லை.

கடைசி நாள் டைரக்டர் பெண் ஒரு அதிகாரியைப் பார்க்க விழுப்புரம் போய்விட்டாள். நான் தனியாகத்தான் போனேன். அக்கா என்னைக் கூப்பிட்டார்.

"அந்தப் பொண்ணு இல்லையா? சரி, நீங்களே எடுங்க பாய். இன்னிக்கு விட்டா எனக்கு வாய் வராது."

வரப்பில் உட்கார்ந்தார். சட்டையைக் கழற்றி மடித்து மடியில் வைத்துக்கொண்டார். நான் பழக்க தோஷத்தில் ஒன்றைச் சொன்னேன், அவர் சிரித்தார். பிறகு பேச ஆரம்பித்தார். முன்பெல்லாம் அளத்து ஓரத்தில் வேலிக்காத்தான் புதர் இருந்ததாம். பெண்கள் அதற்குப் பின்னால் ஒதுங்குவார்களாம். ரோட்டை அகலப்படுத்தும்போது அதை வெட்டிவிட்டார்கள். இப்போது எங்கே பார்த்தாலும் வெட்டவெளி. லாரிக்காரன் பார்க்கிறான், பஸ்ஸில் போகிறவன் பார்க்கிறான். அதனால் காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிப்பதில்லை. நீர்க்கடுப்பு, காய்ச்சல், ஆஸ்பத்திரி என்று ஒவ்வொருத்தியும் அலைகிறாள். ஒரு கக்கூஸ் கட்டித்தரச் சொல்லி, வேலைக்கு ஆள் எடுக்கிற மேஸ்திரியிடம் மூன்று தடவை கேட்டும் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

"எனக்குப் பழகிப்போச்சு பாய். என் மருமவ வயித்துல புள்ள இருக்குது. டாக்டரம்மா நெறைய தண்ணி குடிக்கச் சொல்றாங்க. அவ குடிக்க மாட்டேன்றா. நான் திட்டினா, 'நீங்க குடிக்கிறீங்களா அத்தை'ன்னு கேக்கறா. நான் இன்னா பதில் சொல்லட்டும்?"

எனக்கு முகம் சுட்டது. நான் அவருக்கு அந்நிய ஆம்பளை. என் பெண்டாட்டிகூட இப்படி ஒன்றை என்னிடம் வாய்விட்டுச் சொன்னதில்லை. பேசி முடித்ததும் நான் ஏதோ சொன்னேன், அவர் ஏதோ சொன்னார், கேமராவை மூடினேன். என்ன சொன்னோம் என்பது எனக்கு மறந்துவிட்டது. மறந்துவிட்டால் வசதி என்று மனசு நினைத்திருக்கும்.

அன்று சாயங்காலம் டீக்கடையில் மேஸ்திரி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கெட்டவர் இல்லை. வருகிற தை மாதம் அவர் மகளுக்குக் கல்யாணம். வீடியோ, டிரோன், ஆல்பம் எல்லாம் என்னிடம்தான் சொல்லியிருந்தார். டீயை ஆற்றிக்கொண்டே, "பாத்து எடுங்க பாய். நம்ம பொம்பளைங்க வாய்க்கு வந்ததைப் பேசுவாங்க. அடுத்த நாள் வேலைன்னு நம்மகிட்டதான வந்து நிக்கணும்" என்றார். குரலை உயர்த்தக்கூட இல்லை.

நான் ஸ்டுடியோவுக்குப் போய் அந்தக் கார்டை எடுத்து அத்தர் டப்பாவில் போட்டு, அடுக்கின் அடியில் வைத்தேன். சீட்டு ஒட்டவில்லை. டைரக்டர் பெண்ணிடம் கார்டு கெட்டுப்போச்சு என்று சொன்னேன். அவள் மறுபடி எடுக்கலாமா என்றாள். அந்த அக்கா ஊரில் இல்லை என்றேன். ஒரு பொய்க்கு ஒன்பது பொய். அவருக்கு வேலை போய்விடக் கூடாதே என்றுதான் செய்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. மீதிப் பாதி தை மாதத்துக் கல்யாணம்.

ஆவணி கடைசியில் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். பெண்டாட்டி கேட்டாளே, அந்தக் காட்சிதான். மரக்காணத்திலேயே ஒரு கல்யாண மண்டபம், மத்தியானம் மூன்று மணி. வெளிச்சம் வராமல் இருக்க ஜன்னலுக்கெல்லாம் பெட்ஷீட் கட்டியிருந்தோம். மேடையில் இரண்டு அதிகாரிகள், அளத்து முதலாளிகள் சார்பில் ஒருத்தர், அவருக்குப் பின்னால் மேஸ்திரி. வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒரு தண்ணீர் பாட்டில் கொடுத்தார்கள். பெண்கள் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்கள். யாரும் திறக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டு போவார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். அக்கா அவ்வளவு சொல்லியும் மரமண்டை எனக்கு அப்போதும் உறைக்கவில்லை.

அக்கா குடும்பத்தோடு வந்திருந்தார். அதே பட்டுப்புடவை. புருஷன், மகன், நாத்தனார் வீட்டு ஆட்கள், கை நிறைய வளையலோடு ஏழு மாச மருமகள். அதற்கு முந்தின வாரம் அவள் வளைகாப்பையும் நான்தான் எடுத்தேன், அதில் ஒருத்தரும் விட்டுப்போகவில்லை. முதல் வரிசையில் உட்கார்ந்துகொண்டு என்னைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்தார். படம் ஓட ஆரம்பித்தது. ஒவ்வொரு பெண்ணாகத் திரையில் பேச வர வர, பின்னால் அந்தந்த வீட்டுக்காரர்கள் கைதட்டினார்கள். கல்யாண வீடியோ போடும்போது தட்டுவது மாதிரியே.

"நானு எப்ப வருவேன் பாய்?" என்று காதில் கேட்டார்.

"வருவீங்கக்கா."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டார். மறுபடியும் அதையே சொன்னேன். படம் முடிந்தது. பேசிய பெண்களின் பெயர்கள் ஓடின, பதினொன்று. மண்டபமே கைதட்டியது. அக்கா தட்டவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார். கோபமாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"எல்லாரும் இருக்காங்க. என்னை மட்டும் மழை வந்து கரைச்சுட்டுப் போயிடுச்சா பாய்?"

"கார்டு கெட்டுப்போச்சுக்கா."

"எங்க அக்கா பொண்ணு கல்யாணத்துல அந்த மழை பேஞ்சுது. உங்க கேமராவே நனைஞ்சுது. அப்பவே ஒண்ணும் கெடல."

அதற்குள் மேடையில் முதலாளிகள் சார்பில் வந்தவர் மைக்கைப் பிடித்துவிட்டார். படம் நன்றாக இருக்கிறது என்றார். "பாருங்க, பதினோரு பேர் பேசியிருக்காங்க. வெயில் சொல்லியிருக்காங்க, கூலி சொல்லியிருக்காங்க. தண்ணிக்கோ பாத்ரூமுக்கோ குறைன்னு ஒருத்தர் சொல்லலை. அந்த அளவுக்கு நாங்க பாத்துக்கறோம்" என்றார். அதிகாரி தலையாட்டினார். டைரக்டர் பெண் முன்னால் வந்து, யாராவது பேச விரும்புகிறீர்களா என்று கேட்டாள். பன்னிரண்டு பெண்களும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நீங்களே எழுந்து சொல்லிடுங்கக்கா" என்றேன்.

"இத்தனை ஆம்பளைங்க முன்னாடியா?" என்றார் அக்கா. அந்த வாய் அவ்வளவு சன்னமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. "ஒரு தடவை சொல்றதுக்கே எனக்குப் பத்து வருஷம் ஆச்சு பாய். அதை உங்ககிட்டத்தான் குடுத்து வெச்சேன்."

நான் எழுந்து ஓடினேன். மண்டபத்திலிருந்து ஸ்டுடியோவுக்கு நடந்தாலே ஐந்து நிமிஷம்தான். சீட்டு ஒட்டாத டப்பா எது என்று எனக்குத் தேட வேண்டியிருக்கவில்லை. மூச்சிரைக்க வந்து டைரக்டர் பெண் கையில் கார்டை வைத்தேன். "கெடலம்மா. பொய் சொன்னேன்" என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தாள். கார்டை லேப்டாப்பில் சொருகினாள். மைக்கை வாங்கி, "படத்துல விட்டுப்போன ஒருத்தர் இருக்காங்க" என்று மட்டும் சொன்னாள்.

அப்புறம் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல எனக்கு மனசு வராது. அக்காவுக்கு இரண்டு வாரம் வேலை கொடுக்கவில்லை. மற்றப் பெண்கள் போய்க் கேட்டுக்கேட்டு மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். மழைக்காலம் முடிந்து அளம் திறந்தபோது ஓரத்தில் தகரம் அடித்த இரண்டு கக்கூஸும் ஒரு தண்ணீர்த் தொட்டியும் வந்திருந்தன. முதலில் சாவி மேஸ்திரியிடம் இருந்தது, அக்கா சண்டை போட்டு வாங்கித் தன் தாலிச்சரட்டில் கோத்துக்கொண்டார். மேஸ்திரி மகள் கல்யாணத்துக்கு வேறு ஸ்டுடியோக்காரன் போனான். என் பெண்டாட்டி, "போனா போவுது, அவங்க பந்தியில ஒருத்தரையும் ஒழுங்கா எடுக்கல தெரியுமா" என்று விசாரித்து வந்து சொன்னாள். படத்தை மறுபடி வெட்டி ஒட்டினார்கள். இந்தக் கட்டுரையில் நான் யார் பெயரையும் எழுதவில்லை. அக்காவின் பெயர் அந்தப் படத்தில் முதலாவதாக வருகிறது, அவர் கேட்டபடியே. அது போதும்.

அன்றைக்கு மண்டபத்தில் திரையில் முதலில் வந்தது என் குரல். "அக்கா, லைட்டா சிரிங்க." எல்லோரும் சிரித்துவிட்டார்கள். திரையில் அக்காவும் சிரித்தார். பிறகு புதரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார், சிரிப்பு நின்றது. முதல் வரிசையில் இருந்த அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். திரையைப் பார்க்கவே இல்லை. மருமகள் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். 'நீங்க குடிக்கிறீங்களா அத்தை' என்று தான் கேட்டதைத் திரையில் மாமியார் சொன்னபோது உதட்டைக் கடித்துக்கொண்டாள். மேடையில் அதிகாரி எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

பேச்சு முடிந்தது என்று நினைத்து நான் நிறுத்தப் போனேன். டைரக்டர் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பதிவு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. கல்யாணத்தில் எதுவும் விட்டுப்போகக் கூடாது என்று அணைக்காமலே வைத்திருக்கிற என் பழக்கம். திரையில் உப்பும் வானமும் மட்டும் தெரிந்தன. என் குரல் மறுபடி கேட்டது.

"அக்கா, கடைசியா சொன்னதை வெட்டி எடுத்துடட்டுமா? மேஸ்திரிக்குத் தெரிஞ்சா வேலை போயிடும்."

"போனா போவுது. எடுத்துடாதீங்க. நீங்க எதையும் அழிக்க மாட்டீங்கன்னு ஊரே சொல்லுது பாய். அதனாலதான் உங்ககிட்ட சொன்னேன்."

"சரிக்கா. அழிக்க மாட்டேன்."

திரை கறுப்பானது. மண்டபத்தில் இருந்த எல்லோரும் திரும்பி என்னைத்தான் பார்த்தார்கள். யாரும் கைதட்டவில்லை, யாரும் திட்டவில்லை.

அக்கா முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். மருமகள் மடியில் இருந்த பாட்டிலை வாங்கி மூடியைத் திருகித் திறந்து அவளிடமே நீட்டினார்.

"குடிம்மா. இங்க பாத்ரூம் இருக்குது."

அவள் பாட்டிலை வாங்கவில்லை. "நீங்க மொதல்ல குடிங்க அத்தை" என்றாள்.

அக்கா குடித்தார்.